யார் சார்பில் பேசுகிறீர்கள்?

1958 டிசம்பர் 9 இரவு ஹவானாவில் நடந்த ஒரு பேச்சைப் பற்றி எங்கே படித்தாலும் என்னால் அதை வெறும் வரலாறாகக் கடந்துபோக முடிவதில்லை. ஒரு பக்கம் கியூபாவின் சர்வாதிகாரி பாட்டிஸ்டா. எதிரே அமெரிக்கத் தொழிலதிபரும் முன்னாள் தூதருமான வில்லியம் பாவ்லி. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார்கள். பாவ்லி சொன்னதன் சாரம் இதுதான்: நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு ஃப்ளோரிடாவில் உங்கள் டேட்டோனா பீச் வீட்டுக்கு வந்துவிடலாம், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஆட்சியை ஓர் இடைக்காலக் குழுவிடம் கொடுங்கள். அந்தக் குழு உங்களுக்கு வேண்டியவர்களாக இருக்காது, ஆனால் கிளர்ச்சித் தலைவர் காஸ்ட்ரோவை உள்ளே விடாது.

பாட்டிஸ்டா மறுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து, 1959 புத்தாண்டு விடிவதற்குள், விமானம் ஏறி டொமினிக்கன் குடியரசுக்கு ஓடினார்.

என்னை உறுத்துவது அவர் மறுத்தது அல்ல. பாவ்லிக்கு வாஷிங்டன் போட்ட நிபந்தனை. அதிபர் ஐசன்ஹோவர் சார்பில் வந்திருப்பதாகச் சொல்லக் கூடாது. கியூபா மேல் அக்கறையுள்ள ஒரு தனி மனிதராகத்தான் பேச வேண்டும். 1960ல் செனட் துணைக்குழு முன் சாட்சி சொன்னபோது பாவ்லி இதைத்தான் குறையாகச் சொன்னார். என் அரசின் சம்மதம் இதற்கு உண்டு என்று ஒரு வார்த்தை சொல்ல விட்டிருந்தால் பாட்டிஸ்டா ஒப்புக்கொண்டிருக்கக்கூடும் என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தை நான் பல வருடம் என்னுடையதாகவே வைத்திருந்தேன். ஒசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஐ.ஆர்., அதாவது நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளர் உறவு, பார்த்தவன் நான். சங்கத் தேர்தல் வந்தது. பழைய தலைவர் மேல் தொழிலாளிகளுக்குக் கோபம். முந்தின தடவை சமரச அதிகாரி முன்னால் போட்ட 12(3) ஒப்பந்தத்தில் அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பேச்சு. இளைஞர்கள் தனி அணி கட்டிவிட்டார்கள். அவர் நின்றால் அவர்கள்தான் ஜெயிப்பார்கள், ஜெயித்தால் மறுமாதமே ஸ்டிரைக் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ஒதுங்கி, நடுவில் நிற்கும் நாலைந்து பேரை ஆதரித்தால் தப்பிக்கலாம் என்று மேலே கணக்குப் போட்டார்கள். என்னைக் கூப்பிட்டுச் சொன்னது: "நீங்களாப் போய்ப் பேசற மாதிரி பேசுங்க. கம்பெனி பேரு வரக்கூடாது."

அதற்குக் காரணமும் இருந்தது. சங்க விவகாரத்தில் நிர்வாகம் தலையிடுவதை நேர்மையற்ற தொழில் நடவடிக்கை என்று அன்றைய தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொன்னது. என் மேஜை இழுப்பறையிலேயே அந்தப் புத்தகம் இருந்தது.

சங்க அறையில் அவர் சந்தா ரசீதுக்குக் கார்பன் தாளைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் தலை நிமிராமல் கேட்டார். அப்புறம் கேட்டார்: "இது நீங்க சொல்றதா சார், மேல சொல்லச் சொன்னதா?"

"என் யோசனைன்னே வச்சுக்குங்க தலைவரே."

"உங்க யோசனைன்னா ரொம்ப நன்றி. மேல சொல்றதுன்னா அவங்களையே வந்து கேக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். தேர்தலில் நின்றார், தோற்றார். ஸ்டிரைக்கும் வந்தது.

பாவ்லியை எனக்கு முதலில் அரசியல்காரராகத் தெரியாது. பெங்களூரில் வேலை பார்த்தவர்கள் பேசக் கேட்டதுதான். 1940ல் வால்சந்த் ஹீராசந்தோடு சேர்ந்து, மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவில், ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனியைத் தொடங்கிய அமெரிக்கர் அவர்தான். இன்றைய எச்.ஏ.எல்.லுக்கு வித்து அது. அதற்கு முன்பே சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தியவர். 1941ல் ஜப்பானை எதிர்த்துப் பறக்க 'பறக்கும் புலிகள்' என்ற அமெரிக்க விமானிகளை வேலைக்கு எடுத்தபோது ஒப்பந்தம் போட்டது அவருடைய கம்பெனியின் பெயரில்தான். அதாவது, அரசாங்கம் வெளிப்படையாகச் செய்ய முடியாததைத் தனியார் பெயரில் செய்து கொடுப்பது அவருக்கு அன்றே பழகிய வேலை. 1945ல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் அவரைப் பெருவுக்குத் தூதராக அனுப்பினார். அடுத்த வருடம் பிரேசில். 1954ல் குவாத்தமாலாவில் அர்பென்ஸ் அரசைக் கவிழ்த்தபோது எதிர்ப்படைக்கு விமானங்கள் கிடைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

கியூபா அவருக்கு அந்நிய நாடே இல்லை. சிறுவயதில் அங்கே வளர்ந்தவர், ஸ்பானிஷ் பேசுவார். அங்கே விமானக் கம்பெனி நடத்தி 1932ல் பான் ஆம் என்ற அமெரிக்க விமானக் கம்பெனிக்கு விற்றார், பின்னாளில் ஹவானாவில் பஸ்ஸும் ஓட்டினார். இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் ஒரு அனுதாபம் வரும். ஊரை அறிந்தவர், பேச்சுத் தெரிந்தவர், இரண்டு தரப்பும் மதிக்கும் மனிதர். இவரை விட்டால் யார் போய்ப் பேசுவது? நானும் அந்தத் தொழிற்சாலையில் தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போகிறவன். என்னை அனுப்பியதில் தப்பில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஸ்டிரைக்கில் சம்பளம் இல்லாமல் நகையை அடகு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதைத் தடுக்கப் போனது குற்றமா?

ஆனால் 'சார்பில் வந்தேன் என்று சொல்ல விட்டிருந்தால்' என்ற வாதம் மட்டும் இப்போது எனக்கு முன்போல நிற்கவில்லை. யார் அனுப்பினார்கள் என்று பாட்டிஸ்டாவுக்குத் தெரியாதா? ஒரு முன்னாள் தூதர், அதுவும் ஐசன்ஹோவருக்கு வேண்டியவர், டேட்டோனா பீச்சில் தொந்தரவு இருக்காது என்று சொந்த அதிகாரத்தில் சொல்ல முடியுமா? எங்கள் தலைவருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொள்வதற்காக அவர் கேட்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பேற்க ஆள் உண்டா என்று கேட்டார். நான் கம்பெனி பெயரைச் சொல்லியிருந்தாலும், எழுதிக் கொடுங்கள் என்றுதான் அடுத்துக் கேட்டிருப்பார். அதை யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 17ல் கியூபாவுக்கான அமெரிக்கத் தூதர் ஏர்ல் ஸ்மித்தே நேரில் போய், வாஷிங்டனின் ஆதரவு இனி இல்லை என்று சொன்னார். அரசின் வாயாலேயே வந்த சொல் அது. அன்றைக்கும் பாட்டிஸ்டா பாவ்லியின் குழுவிடம் ஆட்சியைக் கொடுத்துவிடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குழுவில் யார் யார் என்று பாவ்லி செனட் துணைக்குழுவிடம் சொல்கிறார்: கர்னல் பார்கின், கர்னல் போர்போனெட், ஜெனரல் டியாஸ் தமாயோ, ரம் தயாரிக்கும் பக்கார்டி குடும்பத்தைச் சேர்ந்த பாஷ், அப்புறம் இன்னொருவர், அவர் பெயர் இப்போது நினைவுக்கு வரவில்லை என்கிறார். ஒரு நாட்டை ஆளத் தேர்ந்தெடுத்த ஐந்து பேரில் ஒருவர் பெயர், இரண்டு வருடம் ஆவதற்குள் மறந்துவிட்டது. பார்கின் அந்த டிசம்பரில் சிறையில் இருந்தார். பாட்டிஸ்டா ஓடிய அன்றே விடுதலையாகி, ஹவானாவின் பெரிய ராணுவ முகாமான கொலம்பியாவின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. காஸ்ட்ரோவை வாஷிங்டனுக்காகத் தடுத்து நிறுத்துவார் என்று நம்பப்பட்ட அதே மனிதர், அந்த முகாமைக் காஸ்ட்ரோவின் ஆட்களிடமே ஒப்படைத்தார்.

நான் கொண்டுபோன பட்டியலிலும் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. நடுநிலை, சொன்னால் கேட்பார்கள் என்று மேலே குறித்துக் கொடுத்த பெயர்கள். ஸ்டிரைக் தொடங்கிய காலையில் கேட்டுக்கு முன்னால் பந்தல்கால் நட்டவர்களில் அவர்களில் இரண்டு பேர் இருந்தார்கள். பழைய தலைவர் அன்று என் பேச்சைக் கேட்டு ஒதுங்கியிருந்தால், அந்த இரண்டு பேரும் பதவியில் உட்கார்ந்துகொண்டு அதே ஸ்டிரைக்கைத்தான் நடத்தியிருப்பார்களோ என்று தோன்றுகிறது. அப்படியானால் நான் எதைத் தடுக்கப் போனேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பாவ்லியோ 1963லும் தன் படகில் காஸ்ட்ரோ எதிர்ப்பாளர்களை ஏற்றிக்கொண்டு கியூபா கடலுக்குப் போனார். கரைக்குப் போன அந்த ஆட்கள் திரும்பவே இல்லை.