இரும்பு கப்பலில்தான் வரும்

ஜூன் 7, 2025, சனி

வைக்கிங் கேமான வால்ஹெய்முக்கு வைத்திருந்த சர்வரைத் தூசு தட்டி மறுபடி எழுப்பியாயிற்று. அலமாரியில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் சர்வர், என் கணினியில் ஆட்டம். ஆடப்போவது நான், பெங்களூரில் இருக்கும் தம்பி, அவனுடைய ரூம்மேட். ரூம்மேட் இந்த கேமைத் தொட்டதே இல்லை. ஆனால் மோட் (கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் எழுதும் கூடுதல் நிரல்) பட்டியல் முதலில் வந்தது அவனிடமிருந்துதான், அதுவும் முழநீளத்துக்கு. "அக்கா, யூடியூப்ல எல்லாரும் இதான் போடறாங்க" என்கிறான். ஒன்றையும் மோட் இல்லாமல் ஆடிப் பார்க்காதவனுக்கு எது குறை, எது ருசி என்று எப்படித் தெரியும்? முதல் பாஸ், அதாவது முதல் பெரிய எதிரி, எய்க்தீரை வெறும் ஆட்டத்தில் அடித்த பிறகுதான் பேச்சு என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

எய்க்தீர் காலி. பையன் கெட்டிக்காரன்.

மதியம் முழுக்க நிறுவும் வேலை. வால்ஹெய்மில் மோட் போட அடித்தளம் பெப்இன்எக்ஸ். யூனிட்டி எஞ்சினில் செய்த கேம்கள் பலவற்றுக்கும் இதுதான். கேம் கோப்புறையில் ஒரு டிஎல்எல் கோப்பைக் கொண்டுபோய் வைக்கிறோம். கேம் எழும்போது அதையும் சேர்த்து எழுப்புகிறது, அதன் வழியாக ப்ளகின்கள், அதாவது மோட்கள், உள்ளே நுழைகின்றன. அசல் கோப்புகளை யாரும் அழித்து எழுதுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலில், குறிப்பிட்ட ஒரு செயல்பாட்டின் முன்னாலோ பின்னாலோ மோட் தன் வரிகளைச் செருகுகிறது. அதனால்தான் கேமுக்கு ஒரு அப்டேட் வந்து அந்தச் செயல்பாட்டின் பெயரோ வடிவமோ மாறினால் மோட் அந்தரத்தில் நிற்கும். 2024 மே மாதம் ஆஷ்லண்ட்ஸ் என்ற பெரிய அப்டேட் வந்தபோது பலருடைய சர்வர்கள் படுத்தது இப்படித்தான்.

கையால் கோப்பு நகர்த்தும் காலம் போயிற்று. ஆர்டூமோட்மேன் என்ற மேலாளர் மென்பொருள், தண்டர்ஸ்டோர் தளத்திலிருந்து மோட்களை எடுத்து ஒரு ப்ரொஃபைலில் அடுக்கிவைக்கும். மோட் இல்லாமல் ஆட வேண்டுமானால் அதிலேயே வேறு பொத்தான். ப்ரொஃபைலை ஒரு குறியீடாக மாற்றி தம்பிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன், அவன் ஒட்டினான், அதே மோட்கள், அதே பதிப்புகள், அதே அமைப்புகள் அங்கேயும் இறங்கின. இந்த ஒரு வசதிக்காகவே அந்த மென்பொருளுக்குக் கும்பிடு போடலாம்.

அதற்கு முன் உலகக் கோப்புகள் இரண்டையும் பென்டிரைவில் நகல் எடுத்தேன். ஒன்றில் உலகத்தின் பெயரும் அந்த உலகத்தை உருவாக்கும் விதை எண்ணும், இன்னொன்றில் நாம் கட்டியது, வெட்டியது, பெட்டியில் பூட்டியது எல்லாம். மோட் கொண்டுவந்த வாளோ கவசமோ பெட்டியில் இருக்க, அந்த மோட்டைக் கழற்றிவிட்டு உலகத்தைத் திறந்தால் அந்தப் பொருள் என்னவென்றே கேமுக்குத் தெரியாது, தூக்கி எறிந்துவிடும். மோட்டைத் திரும்பப் போட்டாலும் பொருள் திரும்பாது. நகல் ஒன்றுதான் வழி.

ஜூன் 11, புதன்

அலுவலகத்திலிருந்து வர எட்டரை. ரூம்மேட்டால் சர்வருக்குள் நுழைய முடியவில்லை, பதிப்பு பொருந்தவில்லை என்று வெளியே தள்ளிவிட்டது. அவன் மட்டும் ஒரு மோட்டைப் புதுப்பித்திருக்கிறான். நல்ல மோட்கள் இதை வாசலிலேயே சோதித்துவிடும். சர்வரின் அமைப்புகளையே எல்லோர் மீதும் திணிக்கவும் செய்யும், யாரும் தன் கணினியில் எண்ணை மாற்றி ஏமாற்ற முடியாது. பெப்இன்எக்ஸ் எழுதும் லாக் கோப்பில் எந்த மோட் என்று தெளிவாகவே இருந்தது. சிவப்பு வரியைப் பார்த்தால் பயந்துவிடுகிறார்கள், படிக்க மாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 14, சனி

பட்டியலில் கை வைத்தேன்.

பக்கத்துப் பெட்டிகளில் இருக்கும் பொருளை எடுக்காமலே பட்டறையில் பயன்படுத்த விடும் மோட்: வைத்துக்கொண்டோம். பெட்டி பெட்டியாகத் திறந்து பிசின் தேடுவதில் ஒரு சாகசமும் இல்லை. கேரட்டை வரிசையாக நடும் ப்ளான்ட் ஈஸிலி: இருக்கட்டும். ஒவ்வொரு நாற்றுக்கும் இடைவெளி பார்த்து சொடுக்கியே மணிக்கட்டு போய்விடும். எபிக் லூட்: வேண்டாம். அரக்கர்களிடமிருந்து மந்திர ஆயுதங்கள் கொட்டும், ரொம்பப் பிரபலம், நன்றாகச் செய்த மோட்தான். ஆனால் வெண்கலத்திலிருந்து இரும்புக்குப் போவதுதான் இந்த கேமின் முதுகெலும்பு. குட்டிப் பேய் ஒன்று காவியக் கோடரியைப் போட்டுவிட்டுச் செத்தால் இரும்பு எதற்கு?

அப்புறம் சண்டை. போர்ட்டல்.

தெரியாதவர்களுக்கு: வால்ஹெய்மில் மரத்தால் போர்ட்டல் கட்டி ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் போகலாம். ஆனால் செம்பு, தகரம், இரும்பு என்று தாதுவோ உலோகமோ கையில் இருந்தால் வழி விடாது. உலோகம் கப்பலில்தான் வர வேண்டும். இரும்பு கிடைப்பதோ சதுப்பு நிலத்தில் புதைந்த கல்லறைகளுக்குள். ஒரு துண்டு 10 எடை. சுமையைக் கூட்டும் இடுப்புக்கச்சை இல்லாதவன் சுமக்கக்கூடியது 300. முப்பது துண்டுள்ள ஒரு கட்டு, அவ்வளவுதான், ஆள் நிறைந்துவிடுவான்.

"அக்கா, இரும்பைப் போர்ட்டல்ல கொண்டுபோனா என்ன குறைஞ்சுபோகும்? அதுக்கும் மோட் இருக்கு" என்றான் தம்பி.

"மோட்டே வேண்டாம்டா. 2023லயே கேமுக்குள்ள அந்த வசதியைக் குடுத்துட்டாங்க. சர்வர் எழுப்பற கட்டளையில மூணு வார்த்தை சேர்த்தா போதும்."

"அப்ப சேர்த்துடு."

"மாட்டேன்."

அரைமணி நேரம் ஓடியது. என் பக்கத்து நியாயம் இது: ஆஷ்லண்ட்ஸில் கல் போர்ட்டல் ஒன்றைக் கொடுத்தார்கள், அதில் உலோகம் போகும். ஆறு பாஸ்களைத் தாண்டி எரியும் கண்டத்துக்குப் போனவனுக்குத்தான் அது. செய்தவர்களே அவ்வளவு தூரம் தள்ளிவைத்த பரிசை எடுத்த எடுப்பிலேயே கையில் கொடுத்தால் நீள்கப்பல் எதற்கு, துறைமுகம் எதற்கு, எதிர்காற்றில் துடுப்பு எதற்கு? பெட்டி தேடுவது கைவலி. கடல் கைவலி இல்லை, அதுதான் ஆட்டம். இரும்பு ஏற்றப் பெரிய கப்பல் வேண்டும், அந்தக் கப்பலுக்கே 100 இரும்பு ஆணி வேண்டும். இந்தக் குசும்பை யோசித்து வைத்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டாமா?

தம்பி கடைசியில் சொன்னது என்னை மடக்கிவிட்டது. "கடல் அவ்வளவு முக்கியம்னா கடலை இன்னும் கஷ்டமாக்கு. எளிதாக்கற மோட் மட்டும்தான் உனக்கு மோட்டா?"

ஜூன் 15, ஞாயிறு

அவன் கேட்டதைப் போட்டாயிற்று. கிரியேச்சர் லெவல் அண்ட் லூட் கன்ட்ரோல். சாதாரண ஆட்டத்தில் ஒரு மிருகத்துக்கு, அதன் வலிமையைக் காட்டும் நட்சத்திரம் இரண்டுவரைதான் வரும்; இதில் ஐந்துவரை போகும். அதற்கு மேல் நெருப்பு, பனி, மின்னல் என்று ஏதாவது ஒன்று ஏறிக்கொள்ளும். வேகம், கவசம், தானே ஆறும் காயம் போன்ற குணங்கள் சேரும். பிளவுபடுவது என்று ஒரு குணம்: அடித்துக் கொன்றால் இரண்டாகும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று கன்ஃபிக் கோப்பில் நாமே எழுதலாம். இரண்டு மணி நேரம் அந்தக் கோப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். கேமைவிட அது சுவாரசியம். முதலில் வேறொரு சோதனை உலகத்தில் ஓட விட்டு, ஐந்து நட்சத்திரப் பன்றியிடம் செத்துப் பார்த்தேன். பன்றி!

ஜூன் 18, புதன்

மழை, கரண்ட் கட். ஒன்றும் ஆடவில்லை.

ஜூன் 21, சனி

சதுப்பிலிருந்து கப்பல் கிளம்பியது. கல்லறை இரண்டு காலி, கப்பலின் சரக்கறையில் இரும்பு மேல் இரும்பு. பாதிக் கடலில் இருட்டிவிட்டது, காற்று முகத்துக்கு நேராக. ரூம்மேட் முன்னால் நின்று, "அக்கா, அலை பச்சையா இருக்கு" என்றான். அலை இல்லை, பாம்பு. தலைக்கு மேல் மூன்று நட்சத்திரம். வில்லோடு மூவரும் ஓடி ஓடி அடித்தோம், ஒருவழியாகச் செத்தது. செத்த இடத்தில் இரண்டு பாம்பு.

கப்பல் உடைந்தது, நாங்களும் செத்தோம். இரும்பு மூழ்கவில்லை, கப்பல் போனால் சரக்கு ஒரு மிதக்கும் பெட்டியாகிவிடும். எங்கள் உடைமைகளை வைத்திருக்கும் கல்லறைக் கற்களும் பக்கத்திலேயே மிதந்தன. உடுப்பில்லாமல் சின்னப் படகில் திரும்பிப் போய், பாம்புகள் விலகும்வரை பாறைத்தீவு ஒன்றின் பின்னால் பதுங்கி, பெட்டியை எடுத்து வர நள்ளிரவு தாண்டிவிட்டது. ஹெட்செட்டில் மூன்று பேரும் ஒரே கத்தல். பக்கத்து அறையிலிருந்து அம்மா சுவரைத் தட்டினாள்.

ஜூன் 22, ஞாயிறு

பிளவுபடுவதைக் கடல் பாம்புக்கு மட்டும் சுழியமாக்கலாம் என்றேன். தம்பியும் ரூம்மேட்டும் சேர்ந்து எதிர்த்து வாக்களித்தார்கள். சர்வர் என்னுடையது, கோப்பு என் கையில். இருந்தாலும் தொடவில்லை. போர்ட்டலைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

வந்த இரும்பில் மூன்று பேருக்கும் கதாயுதம் அடித்தாயிற்று. அடுத்த சனிக்கிழமை சதுப்பின் பாஸ் போன்மாஸ். அதற்கு மழுங்கிய ஆயுதம்தான் ஏறும். விஷத்தைத் தாங்கும் மது நொதிக்கிறது, ஒரு வடிப்புக்கு ஆறு குப்பி. ஐந்து நட்சத்திர அட்டைப்பூச்சிகள் சுற்றி இருக்கும் என்பதால் இன்னொரு பீப்பாய் போடச் சொல்லியிருக்கிறேன்.