தண்டர்பேர்ட் 78: ஒரு கணக்கு மட்டும் ஊமையானபோது

உபுண்டு 20.04 இயங்குதளத்தில் வழக்கமான அப்டேட்டோடு, தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் பதிப்பு 68-இலிருந்து 78-க்கு மாறியது. ஜிமெயில் கணக்கில் அஞ்சல் வந்தது. சொந்த டொமைனில் வைத்திருக்கும் கணக்கில் மட்டும் வரவும் இல்லை, போகவும் இல்லை. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. கீழ்ப்பட்டையில் சர்வரின் பெயர் வந்து மறையும், அவ்வளவுதான். திட்டுகிற மென்பொருளையாவது சமாளிக்கலாம், வாயே திறக்காததோடு எப்படி மல்லுக்கட்டுவது?

எதையும் தொடுவதற்கு முன் ஹோமில் மறைந்திருக்கும் தண்டர்பேர்ட் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வைத்தேன். 78 தொட்ட புரொஃபைலை (கணக்குகள், அமைப்புகள், அஞ்சல்கள் எல்லாம் இருக்கும் தொகுப்பு) 68 திறக்க மறுக்கும் என்பதால், பழைய பதிப்புக்குத் திரும்பும் யோசனையை அப்போதே கைவிட்டேன்.

உலாவி வழியாக நுழைந்தால் அதே கடவுச்சொல் வேலை செய்தது. அஞ்சலைப் பெறும் நெறிமுறையான ஐமேப்புக்கான 993 போர்ட்டும் திறந்தே இருந்தது. துணைநிரல்களை முடக்கினாலும், காலியான புதிய புரொஃபைலில் கணக்கை அமைத்தாலும் அதே மௌனம். ஆகவே என் அமைப்புகளில் கோளாறு இல்லை. கடைசியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே அழுத்தி எரர் கன்சோலைத் திறந்தபோதுதான் துப்புக் கிடைத்தது: சர்வர் பேசும் டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் நெறிமுறை) பதிப்பு ஏற்கத்தக்கதல்ல.

78-இல் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கின்றன. 1.0 வெளியானது 1999-இல், 1.2 வந்ததே 2008-இல். இதை உறுதிசெய்ய டெர்மினலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கக் கருவி கொண்டு சர்வரைத் தட்டிப் பார்த்தேன். 1.2-இல் கைகுலுக்க மறுத்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் 1.0-இலும் மறுத்தது! உபுண்டு 20.04-இன் ஓப்பன்எஸ்எஸ்எல் பாதுகாப்பு நிலை 2-இல் இயங்குகிறது. அந்த நிலையில் 1.2-க்குக் கீழே அது தானாகவே இறங்காது. அதாவது மறுத்தது சர்வர் அல்ல, என் கணினி. கட்டளையில் நிலையை 1 எனக் குறைத்துக் கொடுத்ததும் 1.0-இல் இணைப்பு கிடைத்தது. இந்தச் சோதனையை யாராவது செய்வதாக இருந்தால் இந்த இடத்தில் ஏமாறாதீர்கள்.

அப்டேட் எதையும் கெடுக்கவில்லை. இத்தனை காலம் மட்டமான பூட்டோடு ஓடிக்கொண்டிருந்த சர்வரை அது காட்டிக்கொடுத்திருக்கிறது.

தண்டர்பேர்டின் கான்ஃபிக் எடிட்டரில் குறைந்தபட்ச டிஎல்எஸ் பதிப்புக்கான மதிப்பு 3 என்று இருக்கும். 3 என்றால் 1.2. அதை 1 ஆக்கினால் 1.0 வரை இறங்கிவரும். ஆக்கினேன், தேங்கிக் கிடந்த அஞ்சல்கள் எல்லாம் கொட்டின. ஆனால் அந்த அமைப்பு கணக்குக்குக் கணக்கு வேறாக இராது. புரொஃபைல் முழுவதற்கும் பொருந்தும். ஒரு பழைய சர்வருக்காக மற்றக் கணக்குகளின் காவலையும் தளர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய கணக்கைத் தனிப் புரொஃபைலுக்கு மாற்றி, அங்கே மட்டும் 1 வைத்தேன்; முதன்மைப் புரொஃபைலில் மீண்டும் 3.

சர்வரை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினேன். 143 போர்ட்டில் குறியாக்கமே இல்லாமல் இணைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பூட்டு பழுதென்றால் கதவையே கழற்றச் சொல்கிறார்கள்.

வேறு இடத்துக்கு மாற முடிவு செய்துவிட்டேன். தனிப் புரொஃபைலிலிருந்து ஃபோல்டர்களை என் கணினியிலேயே இருக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்பாக்ஸ் முடிந்தது, அனுப்பியவை இன்னும் ஓடுகின்றன. அவை முடிந்ததும் டொமைனுக்கு வரும் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் புதிய சர்வருக்குத் திருப்ப வேண்டும்.