பித்தளை நுண்ணோக்கியும் சுங்கத்தில் கேட்ட வயதுச் சான்றும்

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனம் செய்த பழைய பித்தளை நுண்ணோக்கி ஒன்றை, அந்நாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் விலை பேசிப் பணம் அனுப்பும் வரை எல்லாம் சுமுகமாகவே நடந்தது. பார்சல் இங்கே வந்து இறங்கிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. சுங்கப் படிவத்தில் அவர் ‘பயன்படுத்திய நுண்ணோக்கி’ என்று மட்டும் எழுதி, சுங்கப் பட்டியலில் நுண்ணோக்கி வகைக்கு உரிய 9011 என்ற தலைப்பு எண்ணைக் குறித்திருந்தார். நூறு ஆண்டுகளைக் கடந்த பழம்பொருள்களுக்கு உரிய எண் 9706. அந்த ஒரு வரியால், என் நுண்ணோக்கி யாரோ கழித்துவிட்ட ஆய்வகச் சாமானாகக் கருதப்பட்டு முடங்கிக் கிடந்தது.

ரசீதோடும் அடையாள அட்டையோடும் நேரில் போனபோது, வயதுக்குச் சான்று வேண்டும் என்றார் எழுத்தர். எந்தச் சான்று செல்லும் என்று கேட்டதற்கு, “அதை நீங்கதான் சார் கொண்டுவரணும்” என்பதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. அன்றைய அலைச்சல் வீண்.

கைகொடுத்தது வரிசை எண்தான். லைட்ஸ் நிறுவனம் தன் 1,00,000 எண்ணிட்ட நுண்ணோக்கியை 1907-இல், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக்குக்கு அளித்தது என்பது பதிவான செய்தி. எனவே ஐந்திலக்க எண் கொண்ட என் கருவி அதற்கு முந்தையது. அந்தச் செய்தியை அச்செடுத்து, வயதையும் வரிசை எண்ணையும் குறிப்பிட்டு விற்பனையாளர் கையொப்பமிட்ட கடிதத்தையும் வாங்கிக்கொண்டு மறுபடியும் போனேன்.

பெட்டியை என் முன்னிலையில் திறந்தார்கள். குழாயில் பொறித்த எண் மங்கித் தெரிந்ததால், ஊழியர் ஒருவர் பஞ்சில் சானிடைசரை நனைத்துத் துடைக்கப் போனார். பதறிப்போய்த் தடுத்தேன். அக்காலப் பித்தளையின் பொன்னிறத்தைக் காப்பது அதன் மேல் பூசிய அரக்கு மெருகு. சானிடைசரில் உள்ள ஸ்பிரிட் பட்டால் அது கரைந்து திட்டுத்திட்டாகிவிடும், பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது. கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும், வெட்ஸ்லர் என்ற பெயரும் ஐந்து இலக்கங்களும் பளிச்சென்று தெரிந்தன. மேலதிகாரி அம்மையார் எண்ணைக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பழம்பொருள் என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள், தலைப்பு எண்ணும் தயாரிப்புக் காலமும் வரிசை எண்ணும் படிவத்திலும் ரசீதிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று பணம் அனுப்பும் முன்பே விற்பனையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வில்லைகளைக் கழற்றித் தனியே பொதிந்து அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேர்ந்ததும் குவியத்தைச் சரிசெய்யும் திருகுகள் சுழலாவிட்டால் வலிந்து திருகாதீர்கள். உள்ளே பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கும், அழுத்தினால் பற்சக்கரம் தேய்ந்துவிடும்.