கை பேசினாலும் இடது மூளைதான்

சைகை மொழி என்றால் கையும் கண்ணும்தானே, மூளையின் வலது பக்கம் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பேச்சைப் போலவே அதற்கும் பெரும்பாலும் இடது பக்கம்தான்.

கலிபோர்னியாவின் சால்க் ஆய்வுக்கூடத்தில் உர்சுலா பெல்லுகி குழுவினர் பக்கவாதம் வந்த காதுகேளாதவர்களைச் சோதித்தார்கள். 1987-இல் அது புத்தகமாகவும் வந்தது. இடது மூளை அடிபட்டவர்களுக்குக் கையை அசைக்க முடிந்தது, சைகைதான் குழறியது. வலது மூளை அடிபட்ட ஒருவரோ படம் வரையச் சொன்னால் தாளின் இடப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார். ஆனால் சைகையில் பேசும்போது அதே இடப்பக்கத்தைத் தாராளமாகப் பயன்படுத்துவார்! எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் உணவுக் கடையில் பக்கத்து மேசையில் இரண்டு பையன்களுக்குள் சைகையில் வாக்குவாதம். ஒருவன் ஒரு கையில் தே தாரிக் தேநீரைப் பிடித்தபடி மறு கையால் பதிலடி கொடுத்தான். கேள்வியைப் புருவம் கேட்டது. "பாவம், ஊமை பாஷை" என்றார் ஓர் அங்கிள். பாவமா? மலேசிய சைகை மொழிக்கு 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே அங்கீகாரம் இருக்கிறது, அங்கிள். ரொட்டி ஆறுகிறது, சாப்பிடுங்கள்.