"எல்லாம் ஒரே சைஸ்தான் அண்ணே": ஜிப்ஸிக்கு பிரேக் பைப் மாற்றிய அனுபவம்

பழைய மாருதி ஜிப்ஸியோ ஜீப்போ வைத்திருக்கிறீர்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்து ஒரே ஒரு விஷயம் பாருங்கள். சேஸிஸ் ஓரமாகப் பின்பக்கம் போகிற பிரேக் பைப்பை, கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் மட்டும் பாருங்கள். மற்ற இடங்களில் பைப் நன்றாகத்தான் தெரியும். கிளிப்புக்கு உள்ளேதான் சேறு போய் உட்கார்ந்து, ஈரம் காயாமல் அரித்துக்கொண்டே இருக்கும். என் வண்டியில் வெடித்தது அங்கேதான். கழற்றிப் பார்த்தபோது அந்த இடம் துருவேறி உப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாலே செதில் செதிலாக உதிர்ந்தது.

என்னுடையது 2003 மாடல் ஜிப்ஸி கிங். முதல் ஓனர் தூத்துக்குடிக்காரர், வண்டி உப்பளத்தில் ஓடியது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அடியில் இருப்பதை யாரும் பெயிண்ட் அடித்து விற்பதில்லை. கடலோர வண்டி என்றால் பிரேக் பைப்பைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

மேகமலையில் இருந்து சின்னமனூர் பக்கம் இறங்கும்போது வெடித்தது. பெடல் பாதிக்கு மேல் சரசரவென்று கீழே போனது, ஆனால் கடைசியில் கொஞ்சம் பிடித்தது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இரண்டு லைன் இருப்பதால் முன் டிஸ்க் மட்டும் வேலை செய்தது. அந்த ஒன்றுதான் காப்பாற்றியது. முன் ஹப்பை ஃப்ரீயில் விட்டுவிட்டு (முன் சக்கரம் இன்ஜினோடு சேராமல்) ட்ரான்ஸ்ஃபர் கியரை (ஃபோர் வீல் டிரைவுக்கான இரண்டாவது லீவர்) லோவில் போட்டு, முதல் கியரில் இன்ஜின் பிடியிலேயே ஊர்ந்து வந்தோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஹாரன் அடித்த அடி இன்னும் காதில் இருக்கிறது. அடிவாரத்தில் இருந்து டோ வண்டி.

அங்கேயே ஒரு மெக்கானிக் உதவிக்கு வந்தார். "பைப்பை மடக்கி சுத்தியலால் அடிச்சு அடைச்சிடலாம் அண்ணே, முன் பிரேக்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். இன்னொருவர் வெடித்த இடத்தை வெட்டிவிட்டு நடுவில் கேஸ் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றார். இரண்டையுமே செய்யாதீர்கள். ஒரு இடத்தில் வெடித்த பைப் அடுத்த கிளிப்பிலும் அதே நிலையில்தான் இருக்கும். என் வண்டியில் பின் ஆக்ஸில் மேல் போகிற இரண்டு சின்னப் பைப்புகளும் கையால் வளைத்தபோதே விரிசல் விட்டன. நல்ல வேளை, வெடித்ததை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி மலை ஏறவில்லை.

அடுத்தது பைப் வாங்கிய கதை. ஜிப்ஸியைப் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டதால், வளைத்து வைத்த ஒரிஜினல் பைப் நான் கேட்ட எந்தக் கடையிலும் கையிருப்பில் இல்லை. மதுரையில் ஒரு ஸ்பேர் கடையில், ரெடிமேடாக இரண்டு முனையிலும் நட்டோடு வருகிற பைப்பை எடுத்துப் போட்டார்கள். நட்டைப் பார்த்ததும் சந்தேகமாக இருந்தது. "இது ஜீப்புக்கு வர்றது மாதிரி இருக்கே?" என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் போனில் இருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாம் ஒரே சைஸ்தான் அண்ணே, பைப்புல என்ன ஜீப்பு, ஜிப்ஸி" என்றார். பொருந்தாவிட்டால் திருப்பித் தரலாமா என்றதற்குத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

பைப் ஒரே சைஸ் என்பது உண்மைதான். இரண்டுமே 3/16 இஞ்ச், அதாவது 4.75 மில்லிமீட்டர். ஆனால் நட் வேறு. அமெரிக்க வில்லிஸ் ஜீப் வழியில் வந்த பழைய ஜீப்புகளில் நட் 3/8 இஞ்ச், இஞ்சுக்கு 24 மரை. ஜப்பான் வழி வந்த ஜிப்ஸியில் 10 மில்லி விட்டம், 1 மில்லி பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி). கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆபத்து என்னவென்றால், ஜீப் நட் ஜிப்ஸியின் ஓட்டைக்குள் போகவும் செய்யும். சற்றே லூசாக, இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும். அப்புறம் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் மரையைத் தின்றுவிடும். பைப்புக்குப் போன காசு மாஸ்டர் சிலிண்டருக்கும் சேர்த்துப் போகும்.

கண்டுபிடிக்க அளவுகோல் எதுவும் வேண்டாம். எல்லார் வீட்டிலும் இருக்கிற பத்து-பதினொண்ணு ஸ்பேனரை எடுங்கள். ஜிப்ஸியில் இருந்து கழற்றிய நட்டுக்குப் பத்து பக்கம் சரியாக உட்காரும். கடையில் கொடுத்த நட்டுக்குப் பத்து போகவே இல்லை; பதினொண்ணு பக்கம் இறுக்கிப் பிடித்தது. அதோடு நிறுத்திவிட்டேன். திருப்பிக் கொடுக்கப் போனால், "எலக்ட்ரிகல், பிரேக் ஐட்டம் ரிட்டர்ன் இல்ல சார்" என்றார்கள். அதுவரை அண்ணனாக இருந்தவன் சார் ஆகிவிட்டேன்.

சரி, பைப்பை ரோலாக வாங்கி நாமே முனை அடித்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். பழைய நட்டுகள் மரை கெடாமல் இருந்தால் பிரஷ் போட்டு அதையே பயன்படுத்தலாம்; கெட்டிருந்தால் புதிதாக வாங்குங்கள், விலை சொற்பம். பைப்பில் மூன்று வகை கிடைக்கும். ஸ்டீல், தாமிரம், தாமிரத்தோடு பத்து சதவீதம் நிக்கல் கலந்த குப்ரோ நிக்கல். ஸ்டீல் பலமானது, ஆனால் மறுபடி துருப்பிடிக்கும். வெறும் தாமிரம் வளைக்க சுகம். ஆனால் அதிர்வில் நாளாக நாளாக இறுகி விரிசல் விடும். குப்ரோ நிக்கல் துருவும் பிடிக்காது, கையாலேயே வளையும். நான் வாங்கியது அதுதான். காந்தம் வைத்துப் பார்த்தால் ஸ்டீல் மேல் செம்பு முலாம் பூசியதா என்று தெரிந்துவிடும். தாமிரத்திலும் ஒட்டாது, குப்ரோ நிக்கலிலும் ஒட்டாது என்பதால் வெட்டிய முனையின் நிறத்தையும் பாருங்கள். தாமிரம் நல்ல சிவப்பு, குப்ரோ நிக்கல் வெளிறிய நிறம். முக்கியமாக, ஏசி கடையில் தொங்கும் தாமிரக் குழாயை யாராவது காட்டினால் வாங்காதீர்கள்.

ஏசி என்றதும் நினைவு வருகிறது. பைப் முனையை விரித்துக் கொடுக்க ஆள் தேடியபோது எல்லாரும் கைகாட்டியது ஒரு ஏசி மெக்கானிக்கை. நல்ல மனிதர், டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். அவர் போட்டுக் கொடுத்தது சிங்கிள் ஃப்ளேர், அதாவது முனையைப் புனல் மாதிரி ஒரு தடவை விரிப்பது. பிரேக்குக்கு வேண்டியது டபுள் ஃப்ளேர். முனையை முதலில் உள்பக்கமாக மடக்கி, அப்புறம் விரிப்பார்கள்; உட்காரும் இடத்தில் இரண்டு மடங்கு தடிமன் இருக்கும். "தினமும் நூறு ஃப்ளேர் போடறேன் சார், ஒண்ணு லீக் ஆனதில்ல" என்று அவர் சாதித்தார். ஏசியில் அது சரிதான். ஆனால் பிரேக்கைப் பயத்தில் ஓங்கி மிதிக்கும்போது லைனில் அழுத்தம் ஆயிரம் பிஎஸ்ஐயைத் தாண்டும். அதற்கு மெல்லிய ஒற்றை விளிம்பு தாங்காது. ஐரோப்பிய வண்டிகளில் வரும் காளான் தலை மாதிரியான பபிள் ஃப்ளேர் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதுவும் ஜிப்ஸியில் உட்காராது. உங்கள் பழைய பைப்பின் முனையை வெட்டிக் கையில் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள், வாய்ப்பேச்சே வேண்டாம்.

கடைசியில் ஒரு லேத் பட்டறைப் பெரியவரிடம் வைஸில் பிடிக்கும் டூல் இருந்தது. கையில் பிடிக்கிற மலிவு கிட்டில் பைப் வழுக்கும், முனை கோணலாகும். பெரியவர் பைப்பை ஹாக்சாவால் வெட்ட விடவில்லை. சின்னக் கட்டரால் சுற்றி வெட்டி, உள்ளே இருந்த பிசிரை எடுத்து, முனையில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் வைத்து அழுத்தினார். விளிம்பு ஒரே சீராக, கண்ணாடி மாதிரி வந்தது. அவரிடம் வேலை பழகும் பையன் முதல் பைப்பில் நட்டைக் கோர்க்காமலே இரண்டு முனையையும் அடித்துவிட்டான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அவனைப் பார்த்தார். ஒரு முனையை வெட்டி மறுபடி. அதனால் நீளத்தை எப்போதும் ஒரு சாண் கூடவே வைத்து வாங்குங்கள்.

கழற்றுவதில் ஒரு எச்சரிக்கை. சாதா ஓப்பன் ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலை வழுகிவிடும். ஃப்ளேர் நட் ஸ்பேனர் என்று தனியாக உண்டு. ரிங் ஸ்பேனரில் பைப் நுழைய மட்டும் ஒரு வெட்டு விட்ட மாதிரி இருக்கும். பத்து சைஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து விடுங்கள். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கினால் சண்டை போடாதீர்கள். எப்படியும் தூக்கி எறியப்போகிற பைப்தானே, நட்டுக்கு ஒட்டி வெட்டிவிட்டு பாக்ஸ் ஸ்பேனரை முழுசாக இறக்கினால் வந்துவிடும். எனக்கு இடது பின் வீல் சிலிண்டரில் ஏர் எடுக்கும் (லைனுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும்) நிப்பிள் உடைந்தே போனது. உடைந்ததைத் தோண்டி எடுக்க மெனக்கெடாமல் இரண்டு பக்கமும் புது வீல் சிலிண்டர் போட்டேன்.

பைப்பை வளைத்து மாட்டியது அரை நாள் வேலை, அதில் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பைப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வளைத்தால் போதும். கிளிப்புகளை மட்டும் புதிதாகப் போடுங்கள். சைலன்சர் பக்கம் உரசாமல் பாருங்கள். பின் ரப்பர் ஹோஸையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

ஏர் எடுக்க மச்சானைப் பெடலில் உட்கார வைத்தேன். "மிதி... பிடி... விடாத... ம், விடு." தெருவே கேட்டது. இங்கே ஒரு விஷயம் பலர் சொல்வதில்லை. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். வழக்கமாக ஓடாத இடத்தில் உள்ளே துரு இருக்கும், சீல் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தேன். மாஸ்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்து, வலது பின், இடது முன், வலது முன் என்று வரவேண்டும். ஆயில் புது டப்பா டாட் 3 வகை பிரேக் ஆயில். திறந்து மூலையில் கிடந்த டப்பா காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும். 205 டிகிரியில் கொதிக்க வேண்டியது 140-க்கு இறங்கிவிடும், மலை இறக்கத்தில் அது போதாது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எல்லாம் முடிந்தும் பெடல் தாழ்வாகவே இருந்தது. "ஏர் இருக்கு, இன்னும் எடுக்கணும்" என்றார்கள் பார்த்தவர்கள் எல்லாரும். ஆனால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கவில்லை. தாழ்வாகப் போய் அங்கே கெட்டியாக நின்றது. பஞ்சாக இருந்தால் ஏர். தாழ்ந்து கெட்டியாக நின்றால் டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகம். டிரம்மைக் கழற்றினால் தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய அட்ஜஸ்டர் துருவில் இறுகிக் கிடந்தது. சுத்தம் செய்து கையால் அட்ஜஸ்ட் செய்து டிரம்மைப் போட்டதும் பெடல் மேலே வந்து நின்றது. அதற்கு மேல் யாரும் ஏர் பற்றிப் பேசவில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன், வண்டியை நிறுத்தி பெடலை ஓங்கி மிதித்தபடி மச்சானை வைத்துவிட்டு, ஒவ்வொரு ஜாயின்டிலும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பார்த்தேன். லைன் இரண்டாகப் பிரியும் டி ஜாயின்டில் மட்டும் லேசான ஈரம். கால் சுற்று இறுக்கியதும் நின்றது. இரண்டு நாள் கழித்து மறுபடி துடைத்தேன், காய்ந்தே இருந்தது. முன்பக்கப் பைப்புகளை அடுத்த மாதம் மாற்றப்போகிறேன்.

அந்த ஜீப் பைப் நட்டோடு, கவரில் அப்படியே இருக்கிறது. பழைய வில்லிஸ் வழி ஜீப் வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம். ரிட்டர்ன் கிடையாது.