ஒன்பதா, ஐந்து புள்ளி ஏழா?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்கப் போனால் கண்ணை மூடிக்கொண்டு 9 மில்லிமீட்டர் தோட்டா சுடுவதை வாங்கு என்பார்கள். என் மனம் 5.7×28-ஐ (குண்டின் விட்டமும் உறையின் நீளமும், மில்லிமீட்டரில்) விட்டு நகரவில்லை. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் உருவாக்கிய தோட்டா அது. 2021-இல் நேட்டோவும் தரப்படுத்தியது. அதிலிருந்து பாயும் குண்டு மூன்று கிராம்கூடத் தேறாது. வேகமோ விநாடிக்குச் சுமார் 500 மீட்டர். உதைப்பு குறைவு, சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும்!

குண்டும் உறையும் சேர்ந்த முழுத் தோட்டா 40 மில்லிமீட்டர் நீளம் என்பதால் கைப்பிடியும் முன்பின்னாக அகன்றிருக்கிறது. என் குட்டை விரல் விசையை எட்டுகிறதா என்று கடையில் நாலைந்து முறை பிடித்துப் பார்த்தேன். எட்டியது. இந்தத் தோட்டாவுக்கென்றே எஃப்.என். செய்த ஃபைவ்-செவன் துப்பாக்கியின் விலையைக் கேட்டதும் மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டு, அதே தோட்டாவைச் சுடும் மலிவான ருகர்-57-ஐ எடுத்துக்கொண்டேன். அதிலும் இருபது தோட்டா கொள்கிறது.

தோட்டா விலைதான் வயிற்றெரிச்சல். எஃப்.என். தோட்டாவின் உறையில் வழுக்கும் பாலிமர் பூச்சு வேறு. அதனால் சுட்டு முடித்த பழைய உறையில் வெடிமருந்து நிரப்பிச் சிக்கனம் பிடிப்பதும் சுலபமில்லை.