செங்கமாரி எந்த வரிசையில் வரும்?

மருத்துவபீடமொன்றில் விரிவுரையாளராக இருக்கும் நண்பர் ஒருவர், ஐந்து ஆண்டுப் பாடவிதானத்தின் விரிவுரைத் தலைப்புகள் முழுவதையும் ஒரே எக்செல் கோப்பில் அனுப்பி, "நூலகப் பகுப்பு உங்களுக்குத் தெரியும்தானே, எது இருமுறை வருகிறது, எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார். மட்டக்களப்பை அடுத்த கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து இரண்டு மாலைப் பொழுதுகளில் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். ஒரு மாதம் சென்றது.

காசநோயை மட்டும் தேடிப் பார்த்தபோதே சிக்கல் புரிந்தது. ஒரு துறை அதை முழுப் பெயரால் எழுதியிருந்தது. இன்னொன்று 'டீபி' என்று சுருக்கியிருந்தது. நுண்ணுயிரியற்காரர் கிருமியின் பெயரையே தலைப்பாக்கியிருந்தனர். நோயியல் துறையோ 'கிரனுலோமா அழற்சி' என்று மட்டும் குறித்திருந்தது. அந்த விரிவுரையில் முதல் எடுத்துக்காட்டே காசநோய்தான் என்பது பாடக்குறிப்பைத் திறந்து படித்த பின்னரே தெரிந்தது.

இதற்காகத்தான் 'மெஷ்' (MeSH) என்னும் மருத்துவத் தலைச்சொற்களின் தொகுதியை எடுத்தேன். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960இல் முதன்முதலாக வெளியிட்ட இத்தொகுதியில் இன்று ஏறத்தாழ 30,000 தலைச்சொற்கள், 16 பெருங்கிளைகளின் கீழ் மரம் போல அடுக்கப்பட்டுள்ளன. மாரடைப்பின் எண் சீ14.280.647.500 ('சீ' என்பது ஆங்கில C எழுத்து): சீ14 இதய, குருதிக்குழாய் நோய்கள், 280 இதய நோய்கள், 647 இதயத்தசைக் குருதிக்குறை, 500 மாரடைப்பு. 'ஹார்ட் அட்டாக்' என்று தேடினாலும் இதே இடத்துக்குத்தான் அது நம்மைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒவ்வொரு விரிவுரைக்கும் இத்தகைய எண்களை இட்டுவிட்டால், 'இதய நோய்கள்' என்ற ஒரு கிளையைப் பிடித்து இழுத்ததும் அதன் கீழுள்ள அனைத்தும், எந்த ஆண்டில் எந்தத் துறை கற்பித்தாலும், ஒன்றாக வந்துவிடுகின்றன. நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஒரு தட்டில்தான் வைக்க முடியும். மெஷ் மரத்திலோ கண் என்னும் உறுப்பு முகத்தின் கீழும் இருக்கிறது, புலனுறுப்புகளின் கீழும் இருக்கிறது. எனக்கு இது சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

கணினியே பாடக்குறிப்புகளைப் படித்து எண்ணிடும் முறையும் உண்டு. வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் 'நொலெட்ஜ்மெப்' அவ்வகையானது. ஆனால் 'எம்.எஸ்.' என்ற சுருக்கம் நரம்பியலில் ஒரு நோயையும், இதயவியலில் மைட்ரல் வால்வு ஒடுக்கத்தையும் குறிக்கும் என்பதை அறியாமல், கணினியும் இன்றி நானே நான்கு இதய விரிவுரைகளை நரம்பு மண்டலத்துக்கு அனுப்பிவைத்தேன்; நண்பர் சிரித்துவிட்டுத் திருத்தினார். எண்ணிக்கையும் ஏமாற்றக்கூடியது. ஒரு மணி நேரம் விளக்கப்பட்ட நோயும், ஒரு ஸ்லைடில் பெயர் மட்டும் வந்த நோயும் அட்டவணையில் ஒரே ஒரு கோடுதான். பாடவிதான வரைபடம் குறித்து 2001இல் விரிவாக எழுதிய மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டன், எது கற்பிக்கப்படுகிறது என்பதோடு எப்போது, எப்படிக் கற்பிக்கப்படுகிறது, எவ்வாறு மதிப்பிடப்படுகிறது என்பவற்றையும் சேர்த்தே கேட்டார். பரீட்சை வினாக்களுக்கும் அதே எண்களை இட்டுப் பார்க்கும்படி நண்பரிடம் சொன்னேன். அது இன்னும் நடக்கவில்லை.

என்னை அதிகம் தாமதப்படுத்தியது, வேறிடங்களில் மஞ்சள் காமாலை எனப்படும் செங்கமாரிதான். மெஷ் மரத்தில் மஞ்சள் நிறமாதல் சீ23இல், நோய்க்குறிகளோடு நிற்கிறது. ஈரல் அழற்சி சீ06இல், சமிபாட்டுத் தொகுதி நோய்களோடு நிற்கிறது. எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வேறு மாவட்டங்களிலிருந்து வந்து ஆங்கிலத்தில் கற்கும் மாணவர் வார்டில் ஒரு தாயிடம் நோயின் கதையைக் கேட்கும்போது, அவர் சொல்லும் செங்கமாரி இவற்றுள் எது என்பதை அடுத்தடுத்த கேள்விகளால்தான் பிரித்தறிய வேண்டும். அந்தச் சொல்லுக்கோ முப்பதாயிரத்துள் இடமில்லை.

என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சிவானந்தா வித்தியாலய வளவில், காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கி, ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்று உட்கார்ந்து தீர்மானித்தவர் அவர். அந்தப் பக்கம் போய்வந்த ஒரு மாலையில்தான் கோப்பின் வலப்பக்கத்தில் 'நோயாளர் சொல்' என்று ஒரு நிரலைச் சேர்த்தேன். நீரிழிவுக்கு நேரே சீனி வருத்தம், ஆஸ்துமாவுக்கு நேரே முட்டு, லெப்டோஸ்பைரோசிசுக்கு நேரே எலிக்காய்ச்சல் என்று அது நிரம்பத் தொடங்கியது.

"செங்கமாரியை எந்த வரிசையில் போடுவீர்கள்?" என்று நண்பர் கேட்டார். கண்ணைப் போல இரண்டிலும் எழுதி அனுப்பினேன்.